ஒரு கல்லுக்கு ஏழு வாரம்



எங்கள் ஹட்டனில் தலைப்பிறை பார்ப்பது இலேசான காரியமல்ல. மழைமேகமும் மூடுபனியும் வானத்தை மறைத்துவிடும். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் சாட்சிகளை விசாரித்து முடிவு சொல்லும்வரை வானொலியருகே காத்திருப்போம். வானத்தை ஆராய்வோருக்கும் இதே பொறுமை வேண்டும் என்பதைக் காட்டும் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

2007 நவம்பர் 20ஆம் திகதி, அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கேட்டலினா வானாய்வுக் குழு ஒரு விண்கல்லைக் கண்டது. சுமார் 50 மீற்றர் அகலம். 2008 ஜனவரி 30இல் அது செவ்வாய்க் கிரகத்தில் மோதக்கூடும் என்று கணித்தார்கள். ஒரு கட்டத்தில் அதற்கான வாய்ப்பு 75இல் ஒன்று. பழைய படங்களிலும் கல் அகப்பட்டதும் 25இல் ஒன்று!

ஏன் கூடியது? வீட்டிலோ முற்றத்திலோ தோடு தொலைந்தால், தேடிய அறைகளைக் கழிக்கக் கழிக்கக் குசினி மீது சந்தேகம் கூடும். கடைசியில் தோடு முற்றத்தில் கிடக்கும். இதுவும் அப்படித்தான். கல் போகக்கூடிய பாதை சுருங்கச் சுருங்க, செவ்வாய் அதற்குள்ளேயே நின்றது. மேலும் அளந்தார்கள். ஜனவரி 9இல் வாய்ப்பு 10,000இல் ஒன்றாக விழுந்துவிட்டது.

இடையில் நிறுத்தியிருந்தால், ‘மோதத்தான் போகிறது’ என்ற பேச்சே மிஞ்சியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கலியாணப் பேச்சு, இப்படி விசாரிக்காத ஒரு சொல்லால் முறிந்துபோனது. செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பது அல்லாஹ்வின் கட்டளை. உயிரில்லாத கல்லுக்கே ஏழு வாரம் விசாரணை! ஒரு பெண்பிள்ளையின் மானத்துக்காக நாம் ஒரு நாளாவது பொறுக்கமாட்டோமா?