பிரசங்கம் இல்லாத ஊழியம்

பிப்ரவரி 8, 2025, சனி. ஷார்ஜா, ரோலா

எங்கள் அறையில் பெட் ஸ்பேஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தேனி அண்ணனுக்கு அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்தேன். அப்போது என் பழைய பெயர்ப்பட்டை அவர் கையில் அகப்பட்டது. கறுப்புப் பட்டை, வெள்ளை எழுத்து. மேலே என் பெயர், கீழே பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை.

"பாதிரியாருக்குப் படிச்சியாப்பா?"

"இல்லைண்ணே. எங்க சபையில சம்பளத்துக்குப் பாதிரியாரே கிடையாது. பையன்கள் ரெண்டு வருஷம் ஊழியத்துக்குப் போவோம். திரும்பி வந்து படிப்போம், வேலைக்குப் போவோம்."

மார்மன்கள் என்றால்தான் வெளியில் பலருக்குத் தெரியும். ஆண்களுக்கு 18 வயதிலிருந்து 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். எங்கே போவது என்று நாமாகத் தேர்ந்துகொள்ள முடியாது. விண்ணப்பம் போகும், சால்ட் லேக் சிட்டியிலிருந்து அழைப்பு வரும். கோயம்புத்தூரில் ஒரு சனிக்கிழமை என் அழைப்பைத் திறந்தபோது டெல்லி என்று இருந்தது. இந்தி ஒரு வார்த்தை தெரியாத எனக்கு டெல்லியும் வெளிநாடுதான். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து இரண்டு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார்.

தேனி அண்ணன் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சரி, அங்க படிச்சது இங்க எதுக்குப்பா ஒதவும்? இங்க வாயத் தொறந்து மதம் பேசினா வம்பாச்சே?"

அவர் சொன்னது சரி. அமீரகத்தில் கிறிஸ்தவர்களுக்கும் இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் வழிபட இடம் உண்டு. ஆனால் முஸ்லிம்களிடம் வேறு மதத்தைப் பரப்புவது சட்டப்படி குற்றம். அதனால் எங்கள் சபை வளைகுடாவுக்குப் பிரசங்கம் செய்யும் இளைஞர்களை அனுப்புவதில்லை. இங்கே சபைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பிழைக்க வந்தவர்கள். பிலிப்பைன்ஸ் நர்ஸ், ஆப்பிரிக்க செக்யூரிட்டி, அமெரிக்க ஆசிரியர், என் மாதிரி சைட் ஆபீஸ் டாகுமென்ட் கன்ட்ரோலர்.

அவர் கேள்விக்கு அப்போது ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 15, சனி

ஊழியம் என்றால் ஊர் நினைப்பது, வெள்ளைச் சட்டையும் டையும் போட்டுக்கொண்டு இரண்டு பேர் பேசிக்கொண்டே போவது. அது பகலில் கொஞ்ச நேரம்தான். டெல்லியில் நாங்கள் தெருத்தெருவாகக் கதவு தட்டியதில்லை. சபையார் அறிமுகப்படுத்திய வீடுகளுக்குத்தான் போவோம். மீதி நேரமெல்லாம் கூட இருப்பவனோடு இருப்பது.

காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்குள் படுக்க வேண்டும். தனியாக எங்கும் போகக் கூடாது. ஜோடி எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குளியலறை மட்டும் விதிவிலக்கு. ஜோடியையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். 2019 பிப்ரவரிக்கு முன்னால் போனவர்கள் வீட்டோடு வருடத்துக்கு இரண்டு முறைதான் பேச முடியும். நான் போகும்போது வாரம் ஒருமுறை பேசலாம் என்று ஆகியிருந்தது. துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் வீட்டுக்கு எழுதவும் வாரத்தில் ஒரு நாள்.

என் முதல் ஜோடி விசாகப்பட்டினத்துக்காரன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறை இந்தி. அவன் சமையலில் காரம் தலைக்கேறும். ராத்திரி அழுவான், சத்தமில்லாமல். அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதைச் சொல்ல அவனுக்குப் பல வாரம் ஆனது. அதுவரை நான் எதுவும் கேட்கவில்லை, அறையை விட்டு விலகவும் முடியவில்லை. ஒருத்தன் பேசத் தொடங்கும்வரை பக்கத்திலேயே இருப்பது எப்படி என்று எனக்கு அந்த அறைதான் கற்றுத் தந்தது. எந்தப் பிரசங்கப் பயிற்சியும் அல்ல.

ஷார்ஜாவில் நாங்கள் ஆறு பேர், இரண்டடுக்குக் கட்டில் மூன்று, ஒரு குளியலறை. யாரையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தேனி அண்ணனுக்கு முதல் பதில் இதுதான்.

பிப்ரவரி 22, சனி

டீ விஷயம். எங்கள் சபையில் டீ, காபி, மது, புகையிலை நான்கும் கிடையாது. மது, புகையிலை வேண்டாம் என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டீ வேண்டாம் என்றால் மனசு கோணுகிறது. இங்கே சைட்டில் கடக் சாயா ஒரு திர்ஹம், ஒன்றரை திர்ஹம். ஒருத்தன் இன்னொருத்தனுக்கு அன்பைக் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை. நேபாளி ஃபோர்மேன் கப்பை நீட்டும்போது கையெடுத்துக் கும்பிட்டு மறுப்பது எனக்கு இன்றும் கஷ்டமாகவே இருக்கிறது. காரணம் கேட்டால் சொல்வேன். கேட்காதவர்களுக்குச் சொல்ல மாட்டேன். அந்த எல்லையை நான் சட்டத்துக்குப் பயந்து மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கூட வேலை செய்கிறவன் பணிவோடு தரும் டீ, என் மதத்தைப் பேச வாய்ப்பு அல்ல.

கீழக்கரை பாய்தான் வழி கண்டுபிடித்தார். அறையில் மூத்தவர், துபாய்க்கு வந்த காலத்தில் கிரீக்கை அப்ராப் படகிலேயே கடப்பேன் என்பார். காபித் தூள் போடாத சுக்கு மல்லி தனியாக ஒரு சட்டியில் கொதிக்கவைத்து, "தம்பி, இதுல ஒங்க ஆண்டவருக்கு ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மார்ச் 1 அன்று ரமலான் பிறந்தது. மாதம் ஒருமுறை எங்களுக்கும் உபவாசம் உண்டு: இரண்டு வேளைச் சாப்பாடும் தண்ணீரும் கிடையாது, மிச்சமாகும் சாப்பாட்டுப் பணம் ஏழைகளுக்குப் போகும். இந்த மாதத்து உபவாசம் ரமலானின் முதல் வாரத்திலேயே விழுந்தது.

"என்ன தம்பி, நீங்களும் நோன்பா?" பாய் நம்பவில்லை. மிச்சக் காசைக் கொடுப்பதைப் பற்றிச் சொன்னதும் உட்கார்ந்து விரிவாகக் கேட்டார். ஜகாத் பற்றி அவர் சொன்னார், நான் கேட்டேன். சாயங்காலம் மஃரிப் பாங்கு சொன்னதும் தினமும் அறையில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், ஆட்டுக்கறி கொஞ்சம். அன்றைக்கு என் உபவாசமும் அதிலேதான் முடிந்தது. பேரீச்சம்பழத்தை வாயில் போடும் முன் அவர் துஆ ஓதினார். நான் என் ஜெபத்தைச் செய்தேன். இரண்டும் ஒரே நேரத்தில்.

டெல்லியில் எத்தனை வீடுகளில் உபவாசத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருப்பேன். ஒன்றில்கூட இப்படி நடந்ததில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சபை வரலாற்றில் ஒரு பக்கம் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. 1852-இல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு குழு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. அதில் ரிச்சர்ட் பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1849-இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் எங்கள் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தன் வீட்டிலேயே தொடங்கியவர். மனைவி மக்களை விட்டுவிட்டு, பணமில்லாமல் பசிபிக்கைக் கடந்து கல்கத்தா போய், 1853-இல் மதராஸ் வந்து சேர்ந்தார். கூட ராபர்ட் ஸ்கெல்டனும் ராபர்ட் ஓவன்ஸும். மதராஸிலேயே ஒரு மாதப் பத்திரிகையும் நடத்தினார். 1854-இல் கிளம்பிப் போய்விட்டார். சேர்ந்தவர்கள் மிகச் சிலர்தான்.

அதற்கு நூறு வருடம் கழித்து எங்கள் கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்று ஒருவர். சிமென்ட் கம்பெனி அலுவலகத்தில் வேலை. 1954-இல் எங்கள் சபையின் ஒரு துண்டுப் பிரசுரம் அவர் கையில் கிடைத்தது. 1965-இல்தான் ஞானஸ்நானம் பெற முடிந்தது. அந்த இடைவெளியில் அவர் சபைக்குக் கடிதங்கள் எழுதினார். பிறகு சபை எழுத்துகளைத் தமிழாக்கினார், கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். ஊழியக்காரர் அவரைத் தேடிப் போகவில்லை, முதலில் தேடியது அவர்தான். பாலன்டைனின் கடல் பயணத்தைவிட இந்தக் காத்திருப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏப்ரல் 2, புதன். மஸ்கட், ருவி

பெருநாள் விடுமுறைக்குச் சித்தப்பா வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஹத்தா எல்லையில் பஸ் நெடுநேரம் நின்றது. அந்த நேரத்தில் படித்துக்கொண்டு வந்தது பீட்டர் ஸ்வெமரைப் பற்றி.

அவர் எங்கள் சபை அல்ல. அமெரிக்காவின் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையை நம் பக்கத்தில் தெரியாதவர் இருக்க முடியாது: 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கியதும், இராணிப்பேட்டை மருத்துவமனையைக் கட்டியதும் அவர்கள்தான். வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடரும் அந்த மிஷனைச் சேர்ந்த குடும்பத்துப் பெண். 1889-இல் அந்தச் சபை மாணவர்கள் ஜேம்ஸ் கேன்டைன், சாமுவேல் ஸ்வெமர் முதலானோர் தங்கள் பேராசிரியரோடு சேர்ந்து அரேபிய மிஷனைத் தொடங்கினார்கள். பஸ்ரா, பஹ்ரைன், பிறகு மஸ்கட். 1893-இல் மஸ்கட்டுக்கு வந்தவர் சாமுவேலின் தம்பி பீட்டர். அப்போது அவருக்கு வயது 25.

சாமுவேலின் எழுத்தைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். அயராத மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் இஸ்லாத்தைப் பற்றி அவர் எழுதும் தொனி, வெல்ல வேண்டிய கோட்டையைப் பற்றி எழுதும் தொனி. பாய் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துவிட்டு அதை என்னால் படிக்க முடியவில்லை. வலிக்கிறது.

தம்பியின் கதை வேறு. 1896-இல் அடிமைகளை ஏற்றிவந்த கப்பலிலிருந்து பிரிட்டிஷார் மீட்ட 18 ஆப்பிரிக்கச் சிறுவர்களைப் பீட்டர் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். மனைவி இல்லை, பக்கத்தில் சொந்தக்காரர் இல்லை, உடம்பில் ஓயாத காய்ச்சல். அந்தப் பையன்களுக்குச் சோறு, துணி, எழுத்து எல்லாம் அவர்தான். தாய்மொழி வேறு, ஊர் வேறு, விற்கப்பட்ட பிள்ளைகள். எந்த மொழியில் அவர்களை முதல் ராத்திரி தூங்கவைத்திருப்பார்? இதை நினைத்துக்கொண்டே எல்லையில் உட்கார்ந்திருந்தேன். 1898-இல் நோயோடு ஊர் திரும்பி, அந்த அக்டோபரில் நியூயார்க் மருத்துவமனையில் இறந்தார். வயது 30.

இன்று சித்தப்பா படகில் கூட்டிப் போனார். மஸ்கட்டை அடுத்த குன்றுகளுக்கு நடுவே, கடல் வழியாக மட்டுமே போகக்கூடிய ஒரு சிறு குடாவில் பழைய கிறிஸ்தவக் கல்லறைகள் இருக்கின்றன. லாகூரின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப்பாக இருந்து ஓய்வு பெற்ற தாமஸ் வால்பி பிரெஞ்சு, 66 வயதில் இங்கே வந்து சில மாதங்களில், 1891 மே மாதம், இறந்தார். அவர் அங்கே இருக்கிறார். பீட்டருக்குப் பின் வந்த ஜார்ஜ் ஸ்டோனும் அங்கேதான். 1899 ஜூன் வெயிலில் பிர்காவில் இறந்தபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை.

சித்தப்பா கேட்டார்: "இத்தன பேரு வந்து செத்து, எத்தன பேர மாத்துனாங்க?"

மிகச் சிலரைத்தான். ஆனால் அந்தக் கணக்கில் அவர்களை அளப்பதை நான் ஏற்க மாட்டேன். அந்த மிஷன் 1903-இல் பஹ்ரைனில் திறந்த மருத்துவமனை இன்றும் நோயாளிகளைப் பார்க்கிறது. அதே மிஷனில் மஸ்கட்டில் பல வருடம் வைத்தியம் பார்த்த சாரா ஹாஸ்மன், ஒரு கால் மரக்கால், முதுமையில் ஷார்ஜாவுக்கு வந்து பெண்களுக்கும் பிரசவத்துக்கும் மருத்துவமனை நடத்தினார். நான் குடியிருக்கும் ஊரில், மின்சாரமும் சாலையும் வருவதற்கு முன். அல் ஐனில் 1960-இல் கென்னடி என்ற மருத்துவர் தம்பதி ஆளும் குடும்பத்தின் அழைப்பின் பேரில் மண் வீட்டில் வைத்தியம் தொடங்கியபோது, பிறக்கும் பிள்ளைகளில் பாதி தங்காத காலம் அது. அந்தப் பிரசவங்களை யார் மாற்றம் இல்லை என்று சொல்ல முடியும்?

ஏப்ரல் 13, ஞாயிறு. ஷார்ஜா

சபை முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது துபாய் ஆலயத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 2020 ஏப்ரலில், அப்போது எங்கள் தலைவராக இருந்த ரசல் நெல்சன் அதை அறிவித்தார். எக்ஸ்போ வளாகத்தில் கட்ட அமீரகமே அழைத்ததாகச் சொன்னார். வாராந்திரக் கூட்டம் நடக்கும் சபைக்கூடம் வேறு, ஆலயம் வேறு; நித்தியத்துக்குமான திருமணமும் முன்னோருக்கான சடங்குகளும் ஆலயத்தில்தான். பெங்களூரிலும் 2020 டிசம்பரில் பூமி தோண்டி ஆலய வேலை தொடங்கியது. எது முதலில் முடிந்தாலும் அம்மாவைக் கூட்டிப் போவேன். அபுதாபியின் அபு முரைக்காவில் 2024-இல் திறந்த சுவாமி நாராயண் கோயிலுக்குத் தேனி அண்ணன் போய்வந்து இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் புரிகிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. அம்மாவின் அழைப்பு காலையிலேயே. தம்பி ஊழியத்துக்கு விண்ணப்பம் போடுகிறான். டிகிரி முடிக்கட்டும் என்பது அம்மாவின் கட்சி.

"நீ சொல்லு கண்ணு. ஒனக்கு அதுல என்ன கெடச்சுது?"

தேனி அண்ணனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை அம்மாவுக்குச் சொன்னேன். போன வாரம் சைட்டில் ஒரு பிஹார்ப் பையன், அண்ணன் செத்த செய்தி வந்து லேபர் பஸ்ஸில் ஏறாமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் எழுந்திரு, எழுந்திரு என்றார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் போய்விட்டது. ரொம்ப நேரம் கழித்து, அண்ணனுக்கு மாம்பழம் எவ்வளவு பிடிக்கும் என்று அவனாகவே சொல்லத் தொடங்கினான். டெல்லியில் கற்ற இந்தியில் நான் கேட்டேன். அவன் ஊருக்குப் போக டிக்கெட்டுக்குப் பணம் சேர்க்கும் நோட்டில் பாய்தான் முதல் கையெழுத்து.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. போனைத் தம்பியிடம் கொடுத்தார். அவனுக்கு ஒரே கேள்வி: எந்த நாடு கிடைக்கும்? தெரியாது என்றேன். தமிழும் தெரியாத, இட்லியும் கிடைக்காத ஊராகக் கிடைக்கட்டும் என்று உள்ளபடியே சொன்னேன். அவன் சிரித்தான். சோறு வடிக்கக் கற்றுக்கொள், கூட இருப்பவன் பேசும்போது போனைப் பார்க்காதே, நடக்கும் ஷூ நல்லதாக வாங்கு என்றேன். வெள்ளைச் சட்டைகளுக்கும் ஷூவுக்கும் பணம் சம்பளம் வந்ததும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டிகிரியைப் பற்றி அம்மாவிடம் அவனே பேசிக்கொள்ளட்டும்.