கட்டாயக் கட்டம்

பணிபுரியும் மகளிர் விடுதி ஒன்றுக்குச் சேர்க்கைப் பதிவேட்டை ஜாங்கோவில் எழுதிக் கொடுத்தேன். அவர்களுடைய காகிதப் படிவத்தில் 'தந்தை/கணவர் பெயர்' என்றொரு கட்டம் இருந்தது. காகிதத்தில் அதைக் காலியாக விட்டால் வார்டன் கண்டும் காணாமல் விடுவார். ஜாங்கோ விடாது. நாம் விலக்குத் தராதவரை பெயர்க் கட்டம் கட்டாயமானதே. நிரப்பாமல் பதிவைச் சேமிக்க முடியாது. கணவனைப் பிரிந்தவள், தந்தை பெயரைச் சொல்ல விரும்பாதவள் எங்கே போவாள்?

இந்தக் கட்டம் பழையது. மகனுக்காக ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க எழுத்தாளர் கீதா ஹரிஹரன் விண்ணப்பித்தபோது, தந்தையின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1999 வரை ஆனது.

நிர்வாகப் பக்கத்துக்குத் தனிப் படிவம் எழுதி, அந்தக் கட்டத்தின் 'ரிக்வயர்டு' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினேன். தலைப்பையும் 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் பெயர்' என்று மாற்றினேன்.

"அப்பா பேரு இல்லாம எப்படிம்மா?" என்றார் வார்டன்.

"யாரைக் கூப்பிடணும்னு அவங்களுக்குத் தெரியும் மேடம்" என்றேன்.

நிரலாக்கம் படிக்கும் தோழிகளே, கட்டங்கள் தாமாக முளைப்பதில்லை. ஒன்றைக் கட்டாயமாக்கும் முன், அதனால் வாசலில் நிற்கப்போவது யார் என்று கேளுங்கள்.