பேர் வெட்டுமுன் ஒரு குரல்

கணினிக்குள்ளே காவல் நாய் ஒன்று உண்டென்று சொன்னால் நம் தோட்டத்து முதியோர் நகைப்பர். ஆயினும் உண்மை அதுவே. ஆங்கிலத்தில் அதற்கு வாட்ச்டாக் டைமர் என்று பெயர். அஃது ஒரு தனிக் கடிகாரம். கணினியை நடத்தும் இயங்குதளம் குறித்த நேரத்துக்குள், 60 விநாடி என்று வைத்துக்கொள்வோம், "உயிரோடிருக்கிறேன்" என்று அதனிடம் ஓயாது சொல்லி வருதல் வேண்டும். குரல் வாராவிடின் கடிகாரம் காரணம் கேளாது. கணினியை மீட்டும் முதலிலிருந்து எழுப்பிவிடும்.

பீடோங்கைச் சூழ்ந்த பால்மரக் காடுகளில் வளர்ந்த நமக்கு இம்முறை புதிதன்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணியார் பேர் கூப்பிடுவார். பதில் இல்லையேல் பேர் இல்லை. அன்றைய கூலியும் இல்லை. நம் லயத்தில் ஓர் அம்மையார் மூன்று நாள் காய்ச்சலாய்க் கிடந்தார். அவர் நிரையில் வேறு ஆளை இறக்கினார்கள். வேலை நிற்கவில்லை. ஏன் வரவில்லையென்று வாசலில் வந்து கேட்டவர் மட்டும் எவருமில்லை. நான்காம் நாள் டிரஸ்ஸர் வந்தபோது காய்ச்சல் முற்றிப் போயிருந்தது.

நிற்க. கணினியை மீட்டும் எழுப்புவதில் உள்ள தீங்கும் இதுவே. எழுப்பிய கணத்தில் நினைவகத்தில் இருந்த சான்றெல்லாம் அழிந்துபோகும். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் இவ்வாறே அடிக்கடி தன்னைத்தானே மீட்டெழுப்பிக்கொண்டது. தாழ்ந்த வேலையொன்று பிடித்திருந்த சாவிக்காக உயர்ந்த வேலை காத்திருக்க, இடைப்பட்ட வேலைகள் தாழ்ந்ததை நகரவொட்டாமல் தடுத்தன. (இவ்வுயர்வு தாழ்வு கணினிக்காரர் வகுத்தது, நம் சாதிமான்கள் மகிழவேண்டா.) பூமியில் இருந்த அதன் இரட்டையில் அதே கோளாறை வருவித்து, நடந்தவற்றின் பதிவை ஆராய்ந்த பிறகே காரணம் வெளிப்பட்டது.

அத்தகைய இரட்டை எல்லோருக்கும் வாய்க்குமா? ஆதலின் முன்னெச்சரிக்கை என்னும் ஏற்பாடு தோன்றிற்று. 60 விநாடிக் கடிகாரத்துக்கு 10 விநாடி முன்னெச்சரிக்கை வைத்தால், 50ஆம் விநாடியில் அது ஒரு குரல் கொடுக்கும். சில கணினிகளில் இவ்வசதி முன்னரே இருந்தது. விளாடிமிர் ஜாபோல்ஸ்கி, வோல்ஃப்ரம் சாங் ஆகியோரின் உழைப்பால் 2016 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 4.9இல் அது பொதுமுறையாயிற்று. குரல் கேட்டதும் செய்தியை மட்டும் குறித்து வைக்கலாம். அல்லது இயங்குதளத்தை அங்கேயே நிறுத்தி, நினைவகத்தின் படியை எடுத்துக்கொள்ளலாம். கருவியில் இவ்வசதி இல்லாதாருக்கு மென்பொருளாலேயே குரல் கொடுக்கும் வழி 2021இல் வந்தது. ஆனால் இயங்குதளமே அடியோடு உறைந்துவிட்டால் அக்குரலும் உடன் உறைந்துபோம். கருவி கொடுக்கும் குரலுக்கு அது ஈடாகாது.

"கணினிதான் எழுந்துவிட்டதே, காரணம் எதற்கு?" என்று கேட்பாருளர். காரணம் அறியாது எழுப்பிய கணினி நாளையும் விழும். அன்றியும், முன்னெச்சரிக்கையின் அருமையை நம் கோலமூடா மாவட்டத்தாருக்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்திராவில் நிலம் நடுங்கிற்று. கோத்தா கோலமூடாக் கரையை அலை தொட்டதோ நண்பகலுக்குப் பின். இடையில் மணிக்கணக்கில் நேரம் இருந்தது. குரல் கொடுக்கும் ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் அன்று இல்லை. உயிர்கள் போயின.

இன்று பீடோங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுள் இக்கடிகாரங்களோடு பழகுவோர் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். நினைவகம் பெரிதாயின் அதன் படியை வட்டில் எழுத 10 விநாடி போதாது. பாதி எழுதும்போதே 60ஆம் விநாடி வந்துவிடும், நாயும் கடித்துவிடும். எழுதி முடிக்க எத்தனை விநாடி செல்கிறதென்று தம் கணினியில் ஒருமுறை அளந்து பார்த்து, அதன் பின்னரே அவ்வெண்ணை இடுக.