பிட்டும் தேங்காய்ப்பூவும் எந்தக் கடையில் கிடைக்கும்?

போன கிழமை மாத்தளையில் படிப்பிக்கும் ஒரு ஆசிரியர் அழைத்திருந்தார். விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் பழக்கமானவர். கல்விச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை மட்டக்களப்புக்குக் கூட்டி வருகிறாராம். 45 பிள்ளைகள், 5 ஆசிரியர்கள். "சேர், நல்ல சாப்பாட்டுக் கடையாப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

நான் காத்தான்குடிக்காரன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் வாயை மூட மாட்டேன். பத்து நிமிசம் நிறுத்தாமல் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பிள்ளைகள்ல பாதி தமிழ்ப் பிள்ளைகள், பாதி முஸ்லிம் பிள்ளைகள். ஆளுக்கொரு கடையில பிரிச்சு விட எனக்கு விருப்பமில்ல. எல்லாரும் ஒரு இடத்தில இருந்து சாப்பிடோணும்."

அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. "நாளைக்குச் சொல்றன்" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் மாவட்டத்தில் மேடை ஏறுகிற எவரும் சொல்லாமல் இறங்காத ஒரு வசனம் இருக்கிறது. "தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள்." எத்தனை பரிசளிப்பு விழாவில் கேட்டிருப்பேன். நானே ஒரு தடவை பேசியுமிருக்கிறேன். பிட்டு அவிக்கிறவர்களுக்குத் தெரியும், குழலுக்குள் மாவும் தேங்காய்ப்பூவும் அடுக்கடுக்காகத்தான் இருக்கும். கல்லடிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் ஊர்களும் அப்படித்தான். நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, இன்னும் கீழே களுவாஞ்சிகுடி, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது. ஒரு அடுக்கு அவர்கள், ஒரு அடுக்கு நாங்கள். ஒட்டித்தான் இருக்கிறோம். ஆனால் கோப்பையில் போட்டுக் குழைத்தால்தானே அது சாப்பாடு?

சரி, முதலில் கடைகளைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தால், விடியப்புறம் ஓட்டமாவடியில் ஒரு பால் தேத்தண்ணி குடியுங்கள். பஸ் தூக்கமும் அந்தக் கடை வெளிச்சமும் சூடான ரொட்டியும் சேர்ந்தால்தான் "ஊர் வந்துட்டு" என்று எனக்கு உறைக்கும். பாசிக்குடா ஹோட்டல்களைப் பற்றிக் கேட்காதீர்கள். கடல் அழகு, விலை ஆசிரியர் சம்பளத்துக்குச் சரிவராது.

காலைச் சாப்பாட்டுக்கு மட்டக்களப்பு நகரத்துச் சைவக் கடைகள். தோசை, உளுந்து வடை, சம்பல். முஸ்லிம் நண்பர்கள் பலர் இந்தக் கடைகளைக் கண்டும் காணாமல் போவார்கள். போகாதீர்கள். இறைச்சியே நுழையாத குசினியில் எங்களுக்கு என்ன சந்தேகம்?

பகலுக்குச் சோறும் வாவி மீனும். 56 கிலோமீற்றர் நீளமான வாவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ப்ரைட் றைஸ் தின்கிறவர்களை என்னவென்று சொல்ல? இறால் பிரட்டல், மீன் பொரியல், முருங்கையிலைச் சுண்டல், பருப்பு. முடிவில் படுவான்கரை எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது, அதுதான் தயிர்.

இரவுக்குக் காத்தான்குடி பிரதான வீதி. இஷாத் தொழுகை முடிந்த பிறகு வாருங்கள். நடுவீதியில் பேரீச்ச மரங்கள், இரண்டு பக்கமும் கொத்து ரொட்டிச் சத்தம். பால் கொத்து கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் வந்து கடை பூட்டு என்று குறை சொல்ல வேண்டாம். நோன்பு மாதத்தில் பகலில் வர வேண்டாம், பின்னேரம் வந்தால் யாராவது ஒருவர் கஞ்சி தருவார், நீங்கள் யார் என்று கேட்க மாட்டார்.

இவ்வளவையும்தான் மாத்தளை சேருக்குச் சொன்னேன். அவர் கேட்டது வேறு. இரவு முழுக்க அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். யோசனை என்னைத் தாழங்குடாவுக்குக் கொண்டு போனது.

தாழங்குடாவில் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரியில்தான் நான் ஆசிரியப் பயிற்சி எடுத்தேன். இரண்டு வருசம் விடுதி வாழ்க்கை, பிறகு ஒரு வருசம் கட்டுறு பயில்வு. விடுதியில் எனக்குக் கிடைத்த நண்பன் படுவான்கரைப் பையன், கொக்கட்டிச்சோலைப் பக்கம். பெயர் வேண்டாம், அவன் இதை வாசிப்பான். சம்பளம் இல்லாத காலத்தில் வந்த நட்பு, சம்பளம் வந்த பிறகும் நிலைத்தது. லீவு நாளில் நான் அவனைக் காத்தான்குடிக்குக் கூட்டி வந்து கொத்து வாங்கிக் கொடுப்பேன். ஒரு வெள்ளி, செவ்வாய் விரதம் இல்லாவிட்டால் மறுக்க மாட்டான்.

ஒரு நாள் அவன் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். அப்போது மண்முனைப் பாலம் இல்லை. அது 2014இல்தான் திறந்தது. பாதையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு: இங்கே "பாதை" என்றால் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போகும் மிதவை.

எங்கள் வாப்பா 1990க்கு முன்னர் அதே துறையைக் கடந்துதான் படுவான்கரைக்குப் புடவை விற்கப் போவார். பகல் சாப்பாடு அங்கே ஏதாவது ஒரு வளவில்தான். 1990 ஓகஸ்டில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்களைச் சுட்டார்கள். செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அதே மாதம் சத்துருக்கொண்டான். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுகிறவன் ஆசிரியனாக இருக்கத் தகுதியில்லை. வாப்பா அதற்குப் பிறகு பாதையில் ஏறவில்லை. எங்கள் வீட்டிலிருந்து இருபது வருசத்துக்குப் பிறகு முதலில் ஏறினவன் நான்.

நண்பனின் வீட்டில் அவனுடைய அம்மா சோறு போட்டார். கோழிக்கறி. வாசம் மூக்கைத் துளைத்தது. நான் கையை நனைக்கவில்லை. அவனைப் பார்த்து, அவனுடைய அம்மாவுக்குக் கேட்கும்படியாகவே, "கோழி எங்க வாங்கின?" என்று கேட்டேன்.

அம்மாதான் பதில் சொன்னார். "காத்தான்குடிக் கடையிலதான் மனே. இவன் விடியவே பாதையில போய் வாங்கி வந்தவன். சட்டியும் புதுசு மனே, பயப்படாமத் தின்னுங்க."

குசினி வாசலில் புதுச் சட்டி கறுப்பே பிடிக்காமல் இருந்தது. தின்றேன். எப்படி விழுங்கினேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஹலாலா என்று பார்ப்பது என் கடமை, அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் என்னை நினைத்து விடியவே தண்ணீர் கடந்து போனவனிடம் பொலிஸ்காரன் மாதிரிக் கேட்டேனே, அதுதான் இன்று வரைக்கும் குத்துகிறது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். வாப்பா வேறு எதுவும் விசாரிக்கவில்லை. "தயிர் தந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு காலம் மாறியது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஏதோ கட்டி கிடந்தது என்று பிரச்சினை தொடங்கியது. பிள்ளை பிறக்காமல் செய்யும் குளிசை என்றார்கள். கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது, ஆட்கள் சூழ்ந்து நின்று கேட்டபோது தலையாட்டிவிட்டார் என்று அப்போது செய்தி வந்தது. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தபோது அது வெறும் மாக்கட்டி. அப்படி ஒரு குளிசை உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். யார் கேட்டார்கள்? அந்தக் கேள்வி பதிலுக்காகக் கேட்கப்பட்டதல்ல.

அடுத்த வருசம் ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பிள்ளைகள் பலர். அந்தக் கூட்டத்தின் தலைவன் பிறந்தது என் ஊரில். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் விட்டால் பொய்.

அதற்குப் பிறகு எங்கள் வீதியில் தமிழ் முகங்கள் குறைந்தன. நண்பனும் வரவில்லை. சம்பளம் எடுக்கும் நாளில் வீட்டுக்கு நான்கு பார்சல் கொத்து கட்டிக்கொண்டு போகிறவன். தொலைபேசியில் பேசுவான், சுகம் விசாரிப்பான், வர மாட்டான். நானும் வா என்று கேட்கவில்லை. வாய் வரைக்கும் வரும், பிறகு விழுங்கிவிடுவேன்.

ஒரு வருசத்துக்கு மேல் கழித்து, ஒரு இரவு தானாக வந்தான். பழைய கடையில் பழைய மேசை. நான் மனத்தில் இருந்ததைக் கொட்டினேன். "நீயும் பயந்திட்டயா மச்சான்?"

"சாப்பாட்டுக்குப் பயமில்லடா. ஊருக்குள்ள என்ன கதைப்பானுகளோ எண்டுதான்" என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கொத்துப் போடுகிறவரைக் காட்டினான். "அந்தத் தட்டுல மாட்டிறைச்சியும் போடுறதானே? இத்தன வருசம் நான் உன்னட்ட ஒருநாளும் கேக்கல்ல. நீ எங்கட அம்மாட்ட கேட்டாய்."

சண்டைக்குச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டில் மாடு சாப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கோழிக் கொத்து, முட்டைக் கொத்து என்று சொல்லித்தான் வாங்குவோம். அதே தட்டில் முந்தின பார்சல் எதுவென்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்காக அவர்கள் புதுச் சட்டி வாங்கினார்கள். அவனுக்காக நான் ஒரு தட்டைச் சுரண்டச் சொன்னதில்லை.

எழும்பிப் போனேன். கொத்துப் போடுகிறவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதை முன்னமே சொல்றதுக்கென்ன சேர்?" என்றார். தட்டைச் சுரண்டி, தண்ணீர் ஊற்றி, துணியால் துடைத்து, புது எண்ணெய் விட்டார். இரண்டு நிமிச வேலை. மறுகா எனக்குத் தெரிய வந்தது, பொட்டோடு யாராவது வந்து நின்றால் இப்போது அவர் யாரும் சொல்லாமலே அப்படிச் செய்கிறார். ஒரு கோழித் தகடும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

அன்றைக்கு விளங்கியது. நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று கேட்டால் ருசியைச் சொல்வோம், சுத்தத்தைச் சொல்வோம், விலையைச் சொல்வோம். எங்கள் மாவட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வருகிறவன் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். இருக்கிறவன் கோபமில்லாமல் சொல்ல வேண்டும். "இது ஹலாலா?" என்ற கேள்வியையும் "இதில மாடு பட்டதா?" என்ற கேள்வியையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளும் கடைதான் நல்ல கடை. கேட்காமல் தவிர்த்துவிட்டுப் போகிறவன் திரும்பி வர மாட்டான். அவன் ஏன் வரவில்லை என்றும் எங்களுக்குத் தெரியப்போவதில்லை.

அடுத்த நாள் மாத்தளை சேரை அழைத்தேன். பகலுக்கு மீன் என்று முடிவு. மீனை யார் அறுத்தது என்று எங்கள் ஆட்களும் கேட்க மாட்டார்கள், அவர்களும் கேட்க மாட்டார்கள். வாவி இரண்டு பேருக்கும் பொதுவாகத் தந்திருக்கும் சாப்பாடு அது. சைவம் மட்டும் சாப்பிடுகிற பிள்ளைகளுக்குப் பருப்பும் சுண்டலும் மரக்கறியும் முதலில் தனிச் சட்டியில். சமைப்பது நண்பனின் தங்கச்சி. ஊரில் கலியாண வீடுகளுக்குச் சோறு கொடுக்கிறவர். இடம், மண்முனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், வாவிக் கரையில் மர நிழல். கடைசியில் ஆளுக்கொரு கரண்டி தயிரும் பாணியும்.

நண்பனிடம் கணக்குச் சொன்னபோது, "அம்பது பேருக்குப் புதுச் சட்டி வாங்க ஏலாதுடா" என்றான்.

"கழுவின சட்டி காணும்" என்றேன்.

இரவுக்குக் காத்தான்குடியில் கொத்து. கொத்துப் போடுகிறவரிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன். முதலில் மரக்கறி, பிறகு முட்டை, பிறகு கோழி. மாடு அன்றைக்கு அந்தத் தட்டில் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, "ஒரு நாள் மாடு போடாட்டி கடை ஒண்டும் பூட்டுப்படாது சேர்" என்றார்.

வாப்பா இப்போது நடக்கக் கஷ்டம். பாலத்தில் ஓட்டோவில் ஏற்றிப் போகலாம். பிள்ளைகள் வருகிற அன்றைக்கு அவரையும் கூட்டிப் போக நினைத்திருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். வருவாரோ தெரியாது. தயிர் இருக்கும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.