மாண்டுவாவுக்குக் கடல்வழி

மும்பையிலிருந்து மாண்டுவாவுக்குச் சாலைவழி சுமார் 110 கிலோமீட்டர். பாவுச்சா தக்காவிலிருந்து கடல்வழி ஏறத்தாழ 19. கார்களையும் ஏற்றிச் செல்லும் கப்பல் இங்கு 2020 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. சென்ற விடுமுறையில் குடும்பத்துடன் புறப்பட்டோம். கார்க் கூரைமேல் குழந்தைகளின் சைக்கிள்கள் இரண்டு.

“மொத்த உயரம் எவ்வளவு?” என்று துறைமுக ஊழியர் வினவினார். விழித்தோம். சரக்கு வண்டியில் சுமையின் உயரம் பார்க்கும் ரெயில்வே உத்தியோகம் நமக்கு. சொந்தச் சுமையை அளக்கவில்லை! சைக்கிள்கள் கரையிலேயே நின்றுவிடுமோ என்று இளையவள் கண் கலங்கினாள். கயிற்றால் அளந்து காட்டிய பின்னரே அனுமதி கிடைத்தது.

மாண்டுவாவில் இறங்கிக் கட்டுகளை அவிழ்த்ததும் குழந்தைகள் சிட்டாய்ப் பறந்தனர். அன்பர்களே, வீட்டிலேயே உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஏறுமுன் கட்டுகளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கடற்பயணம் இனிது நடக்கும்.