மலையில்லா ஊரில் மலைச் சைக்கிள்

திருகோணமலைப் பட்டினத்தினின்றும் நிலாவெளி வீதியால் வடக்கு நோக்கிச் செல்வோர், உப்புவெளியைக் கடந்தபின் கடற்பக்கமாகத் திரும்பினால் சல்லி என்னும் சிற்றூரை அடைவர். முத்துமாரி அம்மன் கோயிலாற் பெயர்பெற்ற ஊர் இது. இங்குள்ளோர்க்குக் கடலே வயல், வலையே ஏர். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த பேரலையைக் கண்ட கரை எனினும், இன்றும் வள்ளங்கள் வைகறையிற் புறப்படவே செய்கின்றன.

நாம் துவிச்சக்கரவண்டியிலேயே அங்குச் சென்றோம். தார் வீதி உள்ளவரை கவலையில்லை. கடற்கரை மணல் தொடங்கியதும் சில்லு புதைந்தது, இறங்கித் தள்ளலானோம். அவ்வேளை பள்ளிச் சிறுவர் இருவர், ஒருவன் மிதிக்க மற்றவன் பின்னே அமர்ந்திருக்க, அதே மணலில் எம்மைக் கடந்து போயினர். "காத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கோ ஐயா, அப்பத்தான் மணல் தாங்கும்" என்றான் பின்னிருந்தவன். சொன்னபடி செய்தோம், வண்டி நகர்ந்தது. காற்றுக் குறைந்த ரயர் பரந்து நிலத்தைப் பற்றுகின்றது.

இச்சிறுவர் அறிந்த இவ்வுண்மையே மலைச் சைக்கிள் வீரர்க்கும் முதற்பாடம். கல்லும் வேரும் சேறும் நிறைந்த மலைப்பாதையில் ஓடும் அவர்கள், அகன்ற ரயர்களிற் குறைந்த காற்றையே அடைக்கின்றனர். இவ்விளையாட்டு கலிபோர்னியாவிலுள்ள தமல்பாயிஸ் மலைச்சாரலில், பழைய தடித்த வண்டிகளை இளைஞர் சிலர் உருட்டிவிட்ட விளையாட்டிலிருந்து வளர்ந்தது. 1976இல் அங்குத் தொடங்கிய பந்தயத்தில், இறக்கத்தின் சூட்டினாற் பிரேக்கிலுள்ள கிரீஸ் புகைந்துபோகும். ஒவ்வொரு முறையும் மீண்டும் அடைக்க வேண்டும். அதனாலேயே அப்பந்தயம் 'ரீபாக்' எனப் பெயர் பெற்றது. இருபது ஆண்டுகளின் பின், 1996இல், இவ்விளையாட்டு அத்திலாந்தா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

இதனையே தொழிலாகக் கொண்டு வாழ இயலுமா? நீனோ சூர்ட்டர் என்பாரின் வரலாறு விடை கூறும். சுவிற்சர்லாந்தின் மலைப்பள்ளத்தாக்கில், சல்லியைப் போன்றே சின்னஞ்சிறு கிராமமொன்றில் வளர்ந்தவர் அவர். 2004இல் இளையோர் பிரிவில் உலக வீரரானார். 2009இல் முதியோர் பிரிவில் முதன்முறை வென்றார். 2022இற் பத்தாவது உலகப் பட்டத்தைச் சூடினார். ஒலிம்பிக்கில் 2008இல் வெண்கலம், 2012இல் வெள்ளி, 2016இல் தங்கம். தங்கத்துக்காக எட்டாண்டுகள் பொறுத்திருந்தார் என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும்.

அவர் கால்வலி மட்டும் அவரை உயர்த்தவில்லை. பதினேழு, பதினெட்டு வயதினர்க்கு ஒரு பிரிவு. பத்தொன்பது முதல் இருபத்திரண்டு வரை மற்றொன்று. அதற்குமேல் முதியோர் பிரிவு என ஏணியின் படிகள் அங்கு ஒழுங்காய் அமைந்துள்ளன. போட்டியும், பயிற்றுநரும், சம்பளம் தரும் குழுவும் உடனிருக்கின்றன. விழுந்து எலும்பு முறிந்தாற் பருவமே வீணாகலாம். ஆயினும் ஏறிநிற்க ஏணி உண்டு.

நம்மவர்க்கு அது எட்டாத தொலைவா? 2023 ஒக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டிகள் திருவனந்தபுரத்துக்கு அணித்தான பொன்முடி மலையில் நடைபெற்றன. குமரிமுனைக்கு அண்மையிலேயே ஆசிய வீரர்கள் திரண்டனர். நம் தீவின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாதைகளும் இதற்கு இயல்பாகவே ஏற்றவை. ஏறும் கால்களும் உண்டு. இடையிலுள்ள படிகளே குறைவு.

ஆதலாற் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே: ஏணி முழுமை பெறாத நாட்டிற் பிள்ளை படிப்பைக் கைவிடலாகாது. எனினும் சைக்கிளைப் பிடுங்கிப் பூட்டிவைப்பதும் அறமன்று. பாடசாலைகள் ஆண்டுக்கொரு கரடுமுரடுப் பாதைப் போட்டியையேனும் நடத்துமாயின், அதுவே முதற்படியாகும்.