கந்தல் துணியில் ஒரு சிலுவை... ஹளியாள் காடுகளில் தைக்கப்படும் ‘கவந்தி’ போர்வை!

கர்நாடகாவின் தண்டேலிக்குப் படகுச் சவாரிக்காகப் போகிற கூட்டம், வழியில் வரும் ஹளியாளை பஸ் ஜன்னலிலேயே பார்த்து முடித்துவிடும். ஒரு கடைவீதி, கொஞ்சம் வயல், அதற்கப்புறம் காடு. ஆனால், அந்தக் காட்டை ஒட்டிய கிராமங்களில் வெயில் அடிக்கிற நாளில் நடந்தால், வேலியிலும் கொடியிலும் காயப்போட்ட போர்வைகள் கண்ணைப் பறிக்கும். ஒரே போர்வையில் பூப்போட்ட நைட்டி, கட்டம் போட்ட லுங்கி, பள்ளிச் சீருடை, ஜரிகை உதிர்ந்த புடவை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இதுதான் கவந்தி. தைப்பவர்கள் சித்திப் பெண்கள்.

சித்தி என்றதும் நம் வீட்டுச் சின்னம்மா நினைவுக்கு வரலாம். இவர்கள் வேறு. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 16-ம் நூற்றாண்டு தொடங்கி போர்த்துக்கீசியர்கள் கோவாவுக்கு இறக்கிய அடிமைகளில் பலர் தப்பித்து, மலையேறி இந்தக் காடுகளுக்குள் வந்து சேர்ந்தார்கள். வீட்டில் கொங்கணி, வெளியில் கன்னடம். 2003-ல்தான் இங்குள்ள சித்திகள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். எல்லாபூர், அங்கோலா பக்கம் இந்துக்கள் அதிகம். ஹளியாள் பக்கம் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அதிகம்.

மூன்று மதத்துப் பெண்களும் கவந்தி தைக்கிறார்கள், கையில் எடுக்கும் ஊசியும் பழந்துணியும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே தெரியுமா? கத்தோலிக்கப் பெண்கள் சிலர் நடுவிலோ ஓரத்திலோ துணித்துண்டுகளால் சிலுவை வைத்துத் தைப்பார்கள். முஸ்லிம் வீட்டுப் போர்வையில் பிறை இருக்கலாம். அந்த ஒரு அடையாளத்தை எடுத்துவிட்டால், எந்த வீட்டுப் போர்வை என்று வெளியாள் சொல்வது கஷ்டம்.

கிறிஸ்துமஸ் போர்வை என்றாலே இணையத்தில் சிவப்பு, பச்சை, நட்சத்திரம், மான் வண்டி என்று படங்கள் கொட்டும். அந்த நிறங்களுக்காகவே புதுத்துணி வாங்கி, வெட்டி, மறுபடி ஒட்டுகிறார்கள். ஒட்டுப்போர்வைக்காகப் புதுத்துணியைக் கிழிப்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஹளியாள் போர்வையில் அந்த நிறக்கணக்கைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வீட்டில் என்ன துணி நைந்ததோ அதுதான் நிறம். சிலுவைகூட, அப்பாவின் பழைய சட்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

தைக்கும் முறையும் தனி. பொதுவாக ஒட்டுப்போர்வை என்றால் முதலில் சின்னச் சதுரங்களை இணைத்து மேல்துணி தயார் செய்வார்கள். பிறகு பஞ்சு, அடித்துணி வைத்துத் தைப்பார்கள். கவந்தியில் பஞ்சு கிடையாது. ஒரு பழைய புடவையையோ பெரிய துணியையோ கீழே விரித்து, ஒரு மூலையில் ஆரம்பிப்பார்கள். துண்டின் விளிம்பை உள்ளே மடித்து வைத்து, ‘ரன்னிங் ஸ்டிச்’ ஓட்டிக்கொண்டே ஓரத்தைச் சுற்றி வர வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று. அப்படியே உள்ளே உள்ளே போய், கடைசியில் நடுவில் முடியும். வரைபடம் கிடையாது, அளவு நாடாவும் தேவையில்லை. அடுத்து எந்தத் துண்டு என்பதைக் கண்தான் முடிவு செய்யும். தையல் வரிசை நெருங்க நெருங்க போர்வை கெட்டிப்படும். அந்த நூல் வரிசைகள் நெல் வயலின் வரப்புகள் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக ஓடுவதைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் பின்பக்கம்தான்.

இருக்கிற துண்டுகளின் மேலேயே குட்டிக்குட்டியாக இன்னும் சில பளிச் துண்டுகளை வைத்துத் தைப்பதும் உண்டு. அதற்குப் பெயர் ‘திக்கேலி’. குழந்தைகளுக்கான சின்னக் கவந்தியில் இது நிறைய இருக்கும். நான்கு மூலைகளிலும் சதுரத் துணியை முக்கோணமாக மடித்து, அடுக்காக வைத்துத் தைப்பது ‘ஃபுலா’, அதாவது பூ. இந்தப் பூவால் எந்த உபயோகமும் இல்லை. குளிரைத் தாங்காது, கிழிசலை மறைக்காது. ஆனாலும், அது இல்லாத போர்வையை முடிந்த போர்வையாக அந்தப் பெண்கள் ஏற்பதில்லை.

பெரிய கவந்தியை இத்தனை அடி என்று அளப்பதைவிட, இத்தனை பேர் படுக்கலாம் என்று சொல்வதுதான் பொருத்தம். மழைக்காலத்தில் மண் தரையில் விரிப்பாகவும், டிசம்பர் குளிரில் குடும்பத்துக்கே போர்வையாகவும் ஆவது அதுதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கக் கலை வரலாறு கற்பித்த ஹென்றி ட்ரூவல் இங்கே வந்து, இந்தப் போர்வைகளைப் பார்த்து நின்றுவிட்டார். 2004-ல் சித்திப் பெண்களின் போர்வைக் கூட்டுறவு அமைப்பு உருவானது. 2011-ல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் கவந்திகள் சுவரில் தொங்கின. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் ஒட்டுப்போர்வைகளோடு பலர் இவற்றை ஒப்பிட்டார்கள். சாயல் இருப்பது உண்மைதான். ஆனால், இது முழுக்க ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கலை என்று அவசரமாக முடிவு கட்ட முடியாது. வட கர்நாடகாவின் ‘கௌதி’, மகாராஷ்டிராவின் ‘கோதடி’ என்று சுற்றிலும் பழந்துணிப் போர்வைகள் நிறைய. நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் பாட்டியின் நூல் சேலை வருவதும் அதே கணக்குதான்.

வெளியூர்க்காரர்கள் வாங்க ஆரம்பித்ததில் ஒரு நல்லதும் ஒரு சிக்கலும் உண்டு. வீட்டுக்குள் கூலியில்லாமல் போன உழைப்புக்குக் காசு கிடைத்தது. ஆனால், வாங்குபவர் வேறொருவரின் பழைய உடையை விரும்புவாரா? கடைத் துண்டுகளும் புதுத்துணியும் உள்ளே வருகின்றன. இன்னொரு பக்கம், எந்தச் சந்தையிலும் மலிவான மெஷின் போர்வை தயாராகத் தொங்குகிறது. ஒரு பெரிய கவந்திக்கு வாரக்கணக்கில் ஊசி பிடிக்க வேண்டும். அந்த நேரத்தைக் கணக்கில் எடுத்தால், பேரம் பேச வாய் வராது.

கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி தைத்த வீடுகளில், டெய்லர் திருப்பித் தந்த வெட்டுத்துணிப் பை இந்நேரம் பீரோ மூலையில் கிடக்கும். முதல் முயற்சிக்குத் தொட்டில் அளவு போதும். நைந்த நூல் புடவையை இரண்டாக மடித்து அடியில் விரியுங்கள். துண்டுகளை ஒருமுறை அலசிக் காயவைத்துக் கொண்டால் சாயம் பிறகு ஒட்டாது. தையல் வரிசைகளுக்கு இடையில் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். குழந்தைக்கு என்றால் சிந்தெடிக்கைத் தவிர்த்துப் பருத்தியாகவே பொறுக்குங்கள். பட்டன், சமிக்கி வேண்டாம். பெரியதாகத் தைப்பவர்கள் மட்டும், துவைப்பது யார் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீரில் நனைந்த கவந்தியைப் பிழிய இரண்டு பேர் வேண்டும்.